சீசாவில் ஒட்டப்போகும் முகம்

என் மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் தபாலோடு வந்து சேர்ந்தது. தை மாதக் கல்யாணத்துக்கு அச்சாபீஸ் முதலாளி பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். பந்தலுக்கு யார், சமையலுக்கு யார் என்று நீ கேட்ட கேள்விகளுக்கு அம்மா பதில் சொல்லியிருக்கிறாள். அதையெல்லாம் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் முடியும்போது அதற்கெல்லாம் தேவை இருக்குமா என்பது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கடிதத்துக்குள் ஒரு படத்தை மடித்து வைத்திருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கூந்தல் தைலச் சீசாவில் ஒட்டுவதற்காக நீ வரைந்த படம். ஆற்றுப் படியில் ஒரு பெண் நிற்கிறாள். ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருக்கிறது, ஒரு தோள் வெறுமையாக இருக்கிறது, கூந்தல் முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. இடுப்பில் குடம், தோளுக்குக் கீழே கையில் வங்கி வளையம், பக்கத்தில் மயில். முதலாளி பார்த்தவுடனே "இதுதான் அசல் தமிழ்ப் பெண்" என்று உன் முதுகில் தட்டினாராம். அச்சுக்கல்லில் ஏற்றியாகிவிட்டது, தீபாவளி கழிந்ததும் அச்சு ஓடும் என்கிறாய். சிங்கப்பூரில் இருந்து பினாங்கு வரைக்கும் எல்லாக் கடையிலும் தொங்கும் என்கிறாய். அப்பா என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். யாருடைய முகம் என்று மட்டும் எழுதவில்லை. நான்கு பக்கக் கடிதத்தில் மயிலின் வாலுக்கு எத்தனை வண்ணம் போட்டாய் என்பது வரைக்கும் எழுதியவன், அந்த ஒன்றை விட்டுவிட்டாய். மறந்து விட்டாயா, வேண்டுமென்றே விட்டாயா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடது புருவம் நடுவில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. முன்பல்லில் இடைவெளி. ஆவணியில் பொந்தியானுக்குப் பெண் பார்க்கப் போனோமே, கடைக்குப் பின்கட்டில் இருந்து வந்து நின்று, தலையைக் குனியாமல், "படம் போடுறவங்களாமே, என்ன படம் போடுவீங்க?" என்று உன்னைக் கேட்டாளே, அவள்தான் இது. நீ அன்றைக்கு, "பூ, மயில், தீப்பெட்டிக்கு யானை" என்று சொன்னாய். அவளைப் போடுவேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, அரைமணி நேரம் பார்த்த முகம். கழுத்துக்குக் கீழே இருப்பதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் இருந்து எடுக்கவில்லை என்று மட்டும் தெரியும். ஊரில் மற்றவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசித்தாயா?

எனக்குச் சந்தேகப் புத்தி என்று உன் அம்மா சொல்வாள். என் வேலை அப்படி. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகாமல் தப்பிப்பதற்காகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காய்ச்சல் என்று வந்து நிற்பவனையும், உண்மையிலேயே மலேரியாவில் நடுங்குபவனையும் பிரித்துப் பார்க்கிற வேலையில் என் வயது பாதி போய்விட்டது. மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரால் யாரையும் எடுத்த எடுப்பில் நம்ப முடியாது. அந்தக் குணத்தை ஆஸ்பத்திரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வரத் தெரியாமல்தான் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். நீ அப்போது ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை. நம் வீட்டில் ஏன் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்று பிறகு பலதடவை கேட்டிருக்கிறாய். அவளுக்குப் பிடிக்காது என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன். பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது.

அப்போது குளுவாங்கில் இருந்து மாட்டுவண்டியில் இரண்டு மணி நேரம் போகிற தூரத்தில் இருந்தது நம் எஸ்டேட். அம்மா ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தாள். ரப்பர்ப் பால் வெட்டப் போகிற பெண்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கொட்டகை முழுக்கத் தொட்டில்துணி கட்டியிருக்கும். ஒருநாள் துரைசானி தன் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் இருந்து வந்த ஓவியக்காரி, நாற்பது வயது இருக்கும், பெரிய தொப்பி, விரலெல்லாம் சாயம். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த உன் அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மறுநாள் ஆபீஸ் கணக்கு பார்க்கிற பெரிய கிராணி மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். டிரஸ்ஸர் மனைவி மூன்று நாள் காலையில் பங்களா வராந்தாவுக்கு வந்து உட்கார வேண்டுமாம், படம் எழுதுவதற்கு.

துரை வீட்டில் இருந்து வந்த சொல்லை மறுக்க முடியாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பெருமையாக இருந்தது. எஸ்டேட்டில் இருந்த அத்தனை பெண்களில் என் மனைவியை ஒரு வெள்ளைக்காரி தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்ற பெருமை. வரைகிறவரும் பெண்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உன் அம்மா தன்னிடம் இருந்த நல்ல சேலையைக் கட்டி, வெள்ளை ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள். முதல் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னாள்.

"ரவிக்கையக் கழட்டச் சொன்னாங்க."

"யாரு?"

"அந்தம்மாதான். சமையக்காரச் சீனர்கிட்டச் சொல்லி, அவரு மலாயில 'பூக்கா பாஜு'ன்னாரு. சொல்லிட்டுப் பாவம், அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் 'தா மாவ்'னுட்டேன். மாட்டேன்னா மாட்டேன்தான். அப்புறம் ஒண்ணும் பேசல, வரைஞ்சாங்க."

"காகிதத்தக் காட்டினாங்களா?"

"காட்டல. நான் கேட்டேன். தொப்பிய ஆட்டிச் சிரிச்சாங்க."

சபாஷ் என்று சொன்னேன். மற்ற இரண்டு நாளும் போய்வந்தாள். ஓவியக்காரி ஊருக்குப் போய்விட்டார். நாங்கள் மறந்துவிட்டோம்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு பங்களாவுக்கு ஒரு படப் பத்திரிகை வந்தது. துரைசானி பார்த்துவிட்டு ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். நான் மருந்து லிஸ்ட்டில் கையெழுத்து வாங்கப் போனபோது, பெரிய கிராணி மேசையில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்திருந்தார். சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. கிராணி மட்டும் சிரித்துக்கொண்டே, "வாங்க டிரஸ்ஸரே, உங்க வீட்டம்மா சீமைக்குப் போயிட்டாங்க போலிருக்கே" என்றார். காட்டுச் சுனை ஓரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன் அம்மாவின் முகம், உன் அம்மாவின் கண். இடுப்புக்கு மேலே துணி இல்லை. நான் கண்ணால் பார்த்திராத நகையெல்லாம் கழுத்திலும் கையிலும். காலடியில் குடம், தலைக்கு மேல் பேர் தெரியாத சிவப்புப் பூ. கீழே இங்கிலீஷில் 'தமிழ்க் கன்னி' என்று போட்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாயானவள்!

அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவள் முன்னால் போட்டேன்.

"இது யாரு?"

அவள் தாளைப் பிரித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "மூஞ்சி என்னுது."

"மத்தது?"

"மத்தது என்னுது இல்ல."

"கழட்டச் சொன்னாங்கன்னு நீதானே சொன்னே?"

"மாட்டேன்னு சொன்னேன்னும் நான்தானே சொன்னேன்?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்பதை உனக்கு எழுதக் கூசுகிறது. நாக்கு எத்தனை தூரம் போகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் மருந்து அறைக்குக் குடிபோனேன். எட்டு மாதம் அங்கேதான் படுத்தேன். சாப்பாட்டை நீதான் தூக்கில் கொண்டுவந்தாய், ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

சும்மா இருந்தேனா என்றால் இல்லை. பங்களாச் சமையல்காரரைச் சந்தையில் பிடித்து விசாரித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "கழற்றவே இல்லை, நான் அங்கேயேதான் நின்றேன்" என்று மலாயில் சத்தியம் செய்தார். நான் அவரை நம்பவில்லை. இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று அவர் மேலும் சந்தேகப்பட்டேன். தோட்டக்காரனைக் கேட்டேன், அவன் ஒன்றும் பார்க்கவில்லை என்றான். பார்க்கவில்லை என்று ஏன் இத்தனை அவசரமாகச் சொல்கிறான் என்று தோன்றியது. சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும் மகனே. மூன்று பேர் வாயால் சொன்னதைத் தள்ளிவிட்டு, ஒரு காகிதம் சொன்னதை நம்பினேன். அந்தக் காகிதத்தையும் மருந்து அலமாரியில் அடித்தட்டில் போட்டுப் பூட்டினேனே தவிர, மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு ஒருநாள் காலை, புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோளில் இருந்து மார்பு வரைக்கும் தீக்காயம். சுண்ணாம்புத் தெளிநீரும் எண்ணெயும் கலந்து, துணியில் நனைத்து அவன் தோளில் வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இதே மருந்தை, இதே இடத்தில், இதே கையால் வைத்திருக்கிறேன். ஓவியக்காரி வருவதற்கு முந்தின வருஷம், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிறபோது பானை சரிந்து உன் அம்மாவின் வலது தோளும் மார்பும் வெந்துபோயின. நாற்பது நாள் நான்தான் கட்டு மாற்றினேன். ஆறினாலும் தோல் சுருங்கி, வெயிலில் வதங்கின வாழை இலை மாதிரி ஆகிவிட்டது. அவள் எந்நேரமும் கையை முட்டி வரைக்கும் மூடுகிற ரவிக்கை போடுவது அதனால்தான்.

அந்த ஆளுக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். தாளைப் பிரித்தேன். வலது தோள் மெழுகு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. வேறு யாருடைய உடம்போ. எட்டு மாதம் என் அலமாரியிலேயே இருந்த சாட்சி. உடம்பைப் பார்த்து நோய் சொல்லுகிறவன் நான், மனைவியின் உடம்பை மறந்துபோய், ஊரில் நான்கு பேர் பார்ப்பது போல அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்.

நேரே கொட்டகைக்குப் போனேன். அவள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். "தழும்பு இல்ல" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"இன்னிக்குத்தான் பாத்தீங்களா?"

"நீயே சொல்லியிருக்கலாமே. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"எம் பேச்ச நம்பல. அப்ப என் தோலக் காட்டித்தான் நம்ப வைக்கணுமா?" தொட்டில் நிற்கவில்லை. "அதத்தானே அந்தம்மாவும் கேட்டாங்க."

பாயைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்தேன். அவள் சாப்பாடு போட்டாள். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு விஷயம் நடந்தால் அதை என்னிடம் சொல்வதற்கு முன்னால் என் முகத்தை ஒரு நொடி பார்ப்பாள். இன்றைக்கும் பார்க்கிறாள். அந்த ஒரு நொடியை நான்தான் உண்டாக்கினேன்.

அடுத்த வருஷம் ஓவியக்காரி மறுபடி வந்தார். சேதி தெரிந்ததும், "நான் அவங்களப் பாக்கணும். நீங்க கூட வந்து இங்கிலீசுல சொல்லணும்" என்றாள் உன் அம்மா. எனக்குப் பிடிக்கவில்லை. துரைசானிக்குக் கோபம் வந்தால் என் வேலை என்ன ஆகும் என்ற பயம். ஆனாலும் மறுக்க எனக்கு யோக்கியதை இல்லாததால் போனேன். ஓவியக்காரி அவளைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உண்மையான பிரியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம். உன் அம்மா கையை விடுவித்துக்கொண்டு, அந்தத் தாளை மேசையில் விரித்தாள்.

"மூஞ்சி என்னுது. உடம்பு யாருதுன்னு கேளுங்க."

கேட்டேன். அவர் சிரித்தார். முகத்தை மட்டும் இங்கே எழுதிக்கொண்டு போனாராம், மற்றதை ஊரில் தன் அறையில் முடித்தாராம். துறைமுகப் பக்கத்தில் இருந்து ஒரு பெண்ணை வரவழைத்து உட்கார வைத்தாராம். கறுத்த பெண், கிழக்கே எங்கிருந்தோ வந்தவள், எந்தத் தேசம் என்று கேட்கவில்லை, பெயரும் நினைவில்லை. நகை நாடகக் கம்பெனியில் இரவல் வாங்கியது. குடம் அவர் வீட்டுப் பூச்சாடி. "அந்த வெள்ளைச் சட்டையோடு எழுதியிருந்தால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கீழ்த்திசையின் பெண் என்று யாருக்கும் தோன்றியிருக்காது" என்றார். எல்லாவற்றையும் உன் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குப் புருஷன் இருந்தானான்னு கேளுங்க. இந்தப் படத்த அவன் பாத்தானான்னு கேளுங்க."

மகனே, அதை நான் கேட்கவில்லை. துரைசானி நாற்காலியில் நெளிய ஆரம்பித்துவிட்டார். அதைவிட, அந்தக் கேள்விக்குள் நான் இருந்தேன். "எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்று கேட்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். ஓவியக்காரி சந்தோஷமாக ஐந்து விரலை விரித்துக் காட்டிப் பதில் சொன்னார். நான் உன் அம்மா பக்கம் திரும்பி, "புருஷன் கிடையாதாம், தனி ஆளாம்" என்றேன். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளைக்காரி வரைந்தால் ஒரு மாதிரி, நம் ஆள் நான் வரைந்தால் வேறு மாதிரி என்று நீ சொல்லக்கூடும். அதைத்தான் உன் படத்தில் தேடித்தேடிப் பார்த்தேன். குடம் அதே குடம். ஈரத்துணி அதே ஈரத்துணி. அவர் சிவப்புப் பூ போட்ட இடத்தில் நீ மயில் போட்டிருக்கிறாய். நம் பெண்கள் இருட்டோடு எழுந்து, தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்து, தலைமுடியில் ரப்பர்ப் பால் வாடையோடு வருகிறவர்கள். பொந்தியானில் இருக்கிற அந்தப் பெண் அப்பன் கடையில் அரிசி அளந்து போடுகிறாள், அவள் விரலில் இருந்த மாவை நானே பார்த்தேன். அதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்கு வேண்டாம், உன் முதலாளிக்கும் வேண்டாம். உனக்கும் வேண்டாமா? ஆசையால் வரைந்தேன் என்று எழுதுவாய். ஆசையை நான் சந்தேகப்படவில்லை. ஆசை இருந்தால் கேட்க வேண்டாமா என்பதுதான் என் சந்தேகம்.

நேற்று மத்தியானம் உன் படத்தை அம்மாவிடம் காட்டினேன். காட்டாமல் மறைத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், என் குணம் போகவில்லை பார். அவள் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோபப்படவில்லை. "இவன் கை நல்ல கை" என்றாள் முதலில். பிறகு படத்தில் இருந்த அந்த வெறும் தோளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், பங்களா வராந்தாவில் நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன், ஆனால் அவள் முடிக்க விடவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"புருஷன் இருந்தானான்னு கேட்டா யாராச்சும் அஞ்சு விரல விரிச்சுக் காட்டுவாங்களா? எனக்கு இங்கிலீசுதான் தெரியாது. கண்ணு தெரியும்."

"அப்புறம் ஏன் நல்லதாப் போச்சுன்னு சொன்னே?"

"நீங்க பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சுது. பயந்தவங்ககிட்ட எதக் கேக்குறது?" என்று சொல்லிவிட்டுப் படத்தைப் பழையபடி மடித்தாள். "அந்தப் பொண்ணு யாரு, என்ன ஆனான்னு இப்பவும் நெனைச்சுக்குவேன். அவ ஒடம்புக்கு மேல என் மூஞ்சி இருக்குல்ல. அவள யாரு திட்டுனாங்களோ. அவ சொன்னத யாரு நம்புனாங்களோ."

அதற்குப் பிறகு அவள் ஒரு முடிவு சொன்னாள். நான் சொன்னது அல்ல, அவள் சொன்னது. எழுதச் சொன்னபடியே எழுதுகிறேன். கல்லில் ஏற்றின படத்தைத் தேய்த்து அழிக்க முடியும் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். அச்சு ஓடுவதற்குள் அதை அழித்துவிடு. முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டுக்கு வா, சாப்பாடு இருக்கிறது. இது முதலாவது. ஆனால் அழித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய இந்தத் தாள் எங்களிடம்தான் இருக்கிறது, உனக்குத் திரும்ப வராது. வருகிற திங்கட்கிழமை அம்மா பொந்தியானுக்குப் போகிறாள். அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, இதை அவள் கையில் கொடுக்கப்போகிறாள்.

"வேண்டாம், கல்யாணம் நின்னு போகும்" என்றேன்.

"நின்னாலும் நிக்கட்டும். அவ மூஞ்சி. அவ பாக்கணும். பாத்துட்டு அவ என்ன சொல்றாளோ அதுதான்."

அவள் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். அழலாம். அப்பனைக் கூப்பிட்டு நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பலாம். உன்னை நேரில் வரச்சொல்லி நான்கு கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்டால் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் என் நினைப்பை நம்பி நீ எதையும் எதிர்பார்க்காதே. பந்தலுக்கும் சமையலுக்கும் அம்மா சொன்ன பதிலை எழுதாமல் விட்டதற்குக் காரணம் இதுதான். திங்கட்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், எழுத வேண்டியிருந்தால்.

அவளோடு நானும் பொந்தியான் வரைக்கும் பஸ்ஸில் போவேன். கடை வாசலில் பெண்ணின் அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரவேண்டாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் பேசப்போவது தமிழில்தான். நடுவில் நின்று மாற்றிச் சொல்ல ஆள் தேவையில்லை.

உன் அப்பா